தொடங்கிய நாள்

பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பெஞ்சுகள் வேண்டும்.
இரும்புக் கால், மேலே பலகை. விலை படிந்துவிட்டது.
கைகுலுக்கி எழுந்த தலைமையாசிரியர் வாசலில் திரும்பி
"பில்லில் போட உங்கள் வரி எண்?" என்றார்.

ஃப்ரெதெஸ்விந்தா கோய்லா
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

ஹூலியாக்காவில் வீட்டு எண்களை வெட்டித் தருபவள் அவள்தான்,
தகட்டில் மிஞ்சிய துண்டுகளில்.
ஏழு சுலபம், இரண்டே கோடு.
பூஜ்யத்துக்குக் குழாயில் ஒரு வளையம் அறுத்தால் போதும்.
எட்டுதான் உயிரை வாங்கும்.
தெருத்தெருவாக அடுத்தவர் வாசலுக்கு எண் கொடுத்தவள்
பத்தொன்பது வருடமாக
எந்தக் கணக்கிலும் எண்ணப்படாமல் இருந்தாள்.

"வாங்காதே" என்றார் அக்காள் புருஷன் எலெயுதேரியோ.
"வரிக்காரன் புது மாப்பிள்ளை மாதிரி.
ஒருமுறை வழி தெரிந்துவிட்டால்
மாதாமாதம் விருந்துக்கு வந்து நிற்பான்."
அவருக்குப் பின்னால் அவருடைய கோழிக்கடை
பெயர்ப்பலகை இல்லாமல் புகைந்துகொண்டிருந்தது.

அலுவலக வாசலில் ஒரு தரகன். ஐம்பது சோல் என்றான்.
பேசிப்பேசி இருபதுக்கு இறக்கிவிட்டாள்.
அந்தப் பெருமை அடங்குவதற்குள் காவலாளி சொன்னான்:
"உள்ளே காசே வேண்டாம் அம்மா, இலவசம்."
அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

மின்கட்டண ரசீது யார் பெயரில்?
போனவர் பெயரில்.
காலமாகிவிட்டாரா?
இல்லை, மொக்கெகுவாவில் இருக்கிறார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்
உதட்டைக் கடித்துக்கொண்டு
அடையாள அட்டையில் உள்ள முகவரியே போதும் என்றாள்.

என்ன தொழில்?
கதவு, ஜன்னல் கம்பி, மாடிப்படி,
யாராவது செத்தால் சிலுவை.
ஒன்று மட்டும் சொல்லுங்கள்.
இரும்பு.

தொழில் தொடங்கிய நாள்?

இந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.
மழை. ஒரு மருந்துக்கடைக் கதவு. இரவல் வாங்கிய மெஷின்.
அவசரத்தில் கீலை மாற்றி வைத்துவிட்டாள்;
இன்றைக்கும் அந்தக் கதவு தெருப்பக்கமாகத்தான் திறக்கிறது,
நடந்து போகிறவர் முழங்கையில் இடிக்கிறது.
"பத்தொன்பது வருடம்..." என்று ஆரம்பித்தாள்.
விசைப்பலகையில் விரல்கள் நின்றன.
அந்தப் பெண் குரலை இறக்கிக் கேட்டாள்:
"இன்றைய தேதி போடட்டுமா?"

அது ஏமாற்றும் முகமில்லை.
போடுங்கள் என்றாள்.

அந்த நொடியில்
அவள் புறங்கையில் பொறி தெறித்த வடுக்கள்
அத்தனையும்
தொழிலைவிட மூத்தவை ஆயின.

காகிதம் வந்தது. பதினோரு இலக்கங்கள்.
முன்னால் ஒரு பத்து.
நடுவில் அவளுடைய அடையாள எண், அப்படியே, சட்டைகூட மாற்றாமல்.
கடைசியில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.
இது எதற்கு?
"மற்றவற்றைப் பெருக்கிக் கூட்டினால் அது வரும்.
எங்கேயாவது ஒன்றைத் தப்பாக எழுதினால்
அது காட்டிக்கொடுத்துவிடும்."
எட்டு. வேறென்ன.

இன்னொன்றும் சொன்னாள்:
வேலை கிடைக்காத மாதமும் கணக்குக் காட்ட வேண்டும்,
பூஜ்யம் என்று.
பிப்ரவரி மழையில் பட்டறைக்குள் தண்ணீர் நின்றால்
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாளே, அந்த மாதமும்.
ஒன்றுமில்லை என்பதை
இதுவரை அவளிடம் யாரும் கேட்டு வாங்கியதில்லை.

மோட்டோடாக்ஸியில் திரும்பும்போது
காகிதத்தை மார்புச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்,
தூசிக்குப் பயந்து.
இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.
மூன்றாம் முறை நடுவில் தடுமாறிற்று.
எட்டு ஏதாவது சொல்லுமோ என்று காத்திருந்தாள்.

முதல் பெஞ்சு வெள்ளிக்கிழமை முடிந்தது.
பில்லில் எல்லாம் சரி.
பலகைக்கு அடியில்
பாடம் கேட்காத பிள்ளை மட்டும் குனிந்து பார்க்கும் இடத்தில்
ஒரு வருடத்தைப் பற்றவைத்தாள்.
மாதமும் தேதியும் நினைவில்லை.
வருடம் மட்டும்.