இருநூறு மரம்

பெதப்பம்பட்டிக்குத் தெற்கே எங்கள் தோப்பு.
முந்நூற்று நாற்பது மரம்.
கடன் பத்திரத்திலும் அதே எண்ணிக்கைதான்.
வாய்க்கால் தண்ணீர் எங்கள் மண்டலத்துக்குத்
தையில் என்றார்கள்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி
ராத்திரி முழுக்க இறங்கியது.
ஆயிரத்து நூற்றிருபது அடி.
வெள்ளை மாவு பறந்து
மாட்டின் இமையில் படிந்தது,
கொடியில் கிடந்த சேலையில் படிந்தது.
"புகைதானுங்க வருது" என்றான் வண்டிக்காரன்,
என் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

பழைய போரில் விடிய விடிய ஊறுவது
ஒரு டேங்கர் அளவு. பன்னிரண்டாயிரம் லிட்டர்.
மரத்துக்கு அறுபது.
பால் சொசைட்டி அட்டையின் பின்பக்கம்
வகுத்துப் பார்த்தேன்.
மறுபடி வகுத்தாலும் இருநூறுதான்.

கிட்டுசாமி பெயின்ட் டப்பாவைத் தூக்கிவர
வரிசை வரிசையாக நடந்தேன்.
நெஞ்சுயரத்தில் காவியில் ஒரு கோடு.
கோடு போட்டதற்குத் தண்ணீர் இல்லை,
சொட்டானை மூடிவிட வேண்டும்.
வயசானது, கொண்டை சிறுத்தது,
ஓடைக்கல் மேல் நிற்பது,
இதெல்லாம் சுலபம்.
நூற்றிப் பத்தோடு அந்த மாதிரி மரம் தீர்ந்தது.
இன்னும் முப்பது வேண்டும்,
நல்லதிலிருந்து.
"பொழுதோட போட்டுக்கலாமுங்க அம்மிணி" என்றான்.
பொழுதோட மட்டும் வேறு மரமாகிவிடுமா.

மிச்ச இருநூறுக்குக்
கீழ்மட்டை நாலு வெட்டிப் பாத்தியில் பரப்பினோம்.
குரும்பையில் பாதியை உதிர்த்தோம்.
மில்காரர் ஒருகாலத்தில்
ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன நார்த்தூளை
லோடு விலை பேசி வாங்கினோம்.

தென்னைக்கு வலி தாமதம்.
இந்த வைகாசி வெயிலை
அடுத்த வைகாசிக் காயில்தான் காட்டும்.
பேங்க்குக்கு அந்தப் பொறுமை கிடையாது.
செயலாளர் கேட்டார், "தோப்பு எப்படிங்க?"
"நிக்குதுங்க" என்றேன்.
பொய்யில்லை.

மூன்றாம் வாரம் குழாய் பீய்ச்சியடித்தது.
அணில் கடித்திருக்கிறது.
ஒட்டினோம். மறுநாள் நாலு இடத்தில்.
மருந்து வைக்கலாம் என்றான் கிட்டுசாமி.
ஒரு ஓட்டையில் ஒரு மரத்துத் தண்ணீர் போகிறது,
அணில் குடிப்பதோ ஒரு மூடி அளவு.
சிரட்டையில் ஊற்றி வரிசைக்கு ஒன்று வைத்தோம்.
குழாயில் பல் படுவது குறைந்தது,
நிற்கவில்லை.
நோட்டில் மாட்டுக்கும் வீட்டுக்கும் கீழே
அதையும் எழுதுகிறேன்:
அணில், மூன்று லிட்டர்.

நேற்று செங்கல் சூளையிலிருந்து ஆள் வந்தான்,
ரம்பம் இன்னும் வண்டியில்.
"வெட்டறது கோடு போட்டதா, போடாததாங்க?"
கிட்டுசாமி என்னைப் பார்த்தான்.
ஓடைக்கல் மேலிருந்த பத்தை மட்டும் காட்டினேன்.
அந்தக் காசில் இன்னும் மூன்று லோடு நார்த்தூள் வரும்.
மற்ற நூற்று முப்பதும்
கோட்டோடு ஐப்பசி வரை நிற்கட்டும்.
அதற்குள் எத்தனை பட்டுப்போகும் என்று
நான் வகுத்துப் பார்க்கவில்லை.