விருந்தும் மருந்தும்

நள்ளிரவு ஒன்றிலிருந்து நான்கு வரை
எனக்கு ஒதுக்கிய நேரம்.
மாரத்தஹள்ளி பி.ஜி.யில் மூன்றாவது மாடி,
மூன்று கட்டில்களில் நடுக்கட்டில்.
ஷிபானி எந்தப் பக்கம் புரண்டாலும்
என் லேப்டாப் வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிறது.
போர்வையைக் கூடாரமாக்கி
உள்ளே உட்கார்ந்து
முந்நூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்களுக்கு
ஒட்டுப் போடத் தொடங்குகிறேன்.

பஞ்சரான டியூபுக்குப் போடுகிற ஒட்டுதான்.
ஆனால் காற்று இறங்கும்வரை காத்திருக்க முடியாது.
ஓட்டை இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லி,
அதற்கு ஓர் எண் கொடுத்து,
பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு மதிப்பெண்ணும் கொடுத்து
(எனக்கு எந்த வாத்தியாரும் இவ்வளவு தாராளமாகப் போட்டதில்லை)
திருடனையும் பூட்டுக்காரனையும்
ஒரே விசிலில் ஓடவிடுகிறார்கள்.

கெடு மூன்று நாள்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
இங்கே விருந்துக்குத்தான் மருந்து.
யாருடைய இரும்புப் பெட்டிக்குள்ளோ
வாடகைக்குக் குடியிருக்கும் இவற்றுக்கு
கெஸ்ட் என்றுதான் பெயர்.
சுவர், மின்சாரம், குளிர்காற்று
வீட்டுக்காரன் பொறுப்பு.
உள்தாழ்ப்பாள் சரியில்லையென்றால்
விருந்தாளி பாடு.
ஒப்பந்தத்தில் பதினோராம் பக்கம்.

எங்கள் குளியலறைத் தாழ்ப்பாளும்
மார்ச்சிலிருந்து விழுவதில்லை.
நாகரத்னம்மாவிடம் சொன்னால்
“மாடோணா” என்கிறார்.
துண்டை மடித்துக் கதவிடுக்கில் செருகி
பாடிக்கொண்டே குளிக்கிறோம்,
உள்ளே ஆள் இருப்பது தெரிய.
அந்த ஓட்டைக்கு யாரும் எண் கொடுக்கவில்லை.

ஒன்று ஐம்பதுக்கு முதல் நூறும் எழுந்துவிட்டன.
அணைந்து எழ ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம்.
இரண்டு வருடமாகியும் எனக்குப் பழகாத
ஒன்றரை நிமிடம்.
கூப்பிட்டால் பதிலில்லை,
கூப்பிட்டால் பதிலில்லை,
பிறகு ஒரு புள்ளி பச்சையாகிறது.
அழைப்பின் மறுமுனையில் ஃபெபின்.
அவனுடைய மின்விசிறிதான் கேட்கிறது.
தூங்கிவிட்டானா என்று நான் கேட்கவில்லை.

மூன்று பத்துக்கு
ஒன்று மட்டும் மிஞ்சியது.
எண்ணூற்றுப் பதினோரு நாளாக
ஒருமுறைகூட அணையாதது.
உரிமையாளர் என்ற கட்டத்தில்
வேலையை விட்டுப் போன யாரோ ஒரு பிரபுல்லா.
குறிப்பு என்ற கட்டத்தில்
“தற்காலிகம். தொடாதீர்கள்.”

ஃபெபின், என்றேன்.
ம், என்றான்.
தொட்டுடலாமா?
மின்விசிறி சுற்றியது.
கெடு ஆறு மணியோட முடியுது, என்றான்.
அது ஆமாம் இல்லை.
இல்லையும் இல்லை.

தொட்டேன்.

ஒன்றரை நிமிடம்.
மூன்று.
ஏழு.
ஷிபானி தூக்கத்தில் யாரையோ வங்காளத்தில் திட்டினாள்.
பதினொன்றாவது நிமிடம்
பச்சை.
அதற்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது,
அது மறுபடி ஓடுகிறதா
எனக்குத் தெரியாது.
இயங்குதளம் நலம். என் எல்லை அதுவரைதான்.
டிக் அடித்து மூடினேன்.

ஆறரைக்குப் படிக்கட்டெங்கும் பக்கெட் சத்தம்.
தண்ணீர் டாங்கர் வரவில்லை.
புக்கிங் ஆப் ராத்திரியிலிருந்தே திறக்கவில்லையாம்.
நாகரத்னம்மா தன் போனை என் கையில் திணித்தார்:
“நீனு கம்ப்யூட்டர் அல்வா, நோடு.”
பார்த்தேன்.
வெள்ளைத் திரையில் ஒரு வட்டம்
தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருந்தது.
இந்த ஊரில் எத்தனை லட்சம் இயந்திரங்கள்.
அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று
என்ன கட்டாயம்.

அரை பக்கெட் மிச்சமிருந்தது.
கதவிடுக்கில் துண்டைச் செருகினேன்.
பாட்டு வரவில்லை.
வெளியே யாரோ கதவைத் தள்ளினார்கள்.
மறுபடியும் தள்ளினார்கள்.
ஆள் இருக்கு, என்றேன்.