இலவசத் திட்டம்

பதினைந்து நிமிடம் யாரும் வராவிட்டால்
மார்யுனின் செயலி தூங்கிப்போகும்.
இலவசத் திட்டம், அப்படித்தான்.

ஸ்வீனொய் தீவுக்கு இன்று படகு உண்டா, இல்லையா?
அது சொல்வது அவ்வளவுதான்.
மீன் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து
விரலில் செதிலோடு எழுதியது.
சர்வர் டப்ளினில். அதற்குப் பெயர் மேகமாம்;
ஃபாரோவில் மேகம் இறங்கினால் படகு இல்லை.

பதிவேட்டில் தினமும் அதிகாலை மூன்று பத்துக்கு
யாரோ ஒருவர்.
செயலி கண்விழிக்கும்வரை முப்பது நொடி காத்திருக்கிறார்.
'இல்லை' என்றால்
விடியும்வரை திறந்து திறந்து பார்க்கிறார்.

முப்பது பேர்கூடத் தேறாத தீவு.
யாரென்று அவள் கேட்கவில்லை.
மாதம் நாற்பத்தெட்டு குரோனா கட்டினாள்.
இனி அது தூங்காது.

நேற்று மூன்று பத்து. வெளியே மூடுபனி.
ஒரே நொடியில் போய்ச் சேர்ந்தது
'இல்லை'.
அந்த முப்பது நொடியை
அவரிடமிருந்து எடுத்திருக்க வேண்டாமோ?