ரசீது இல்லாத வரவு

மனு எழுதுவது என் பிழைப்பு.
மஹ்பூலாவில், சலூனுக்கும் சிம்கார்டு கடைக்கும் நடுவே
ஒரு மேசை, ஒரு பிரிண்டர், என் பத்து விரல்.
இக்காமா புதுப்பிக்க, வண்டி பேர் மாற்ற, பிணம் ஊருக்கு அனுப்ப
அரபியில் வலமிருந்து இடமாகத் தட்டுவேன்.
பக்கத்துக்கு அரை தினார்.

இந்த மனுவுக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

வெள்ளி இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நாலு பேர் உட்கார்ந்தோம்:
பார்சல் வண்டி ஓட்டும் நைனார் முகம்மது,
ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் ஜெசிந்தா,
மட்டக்களப்பு யோகராணி
(மூன்று வீட்டில் சமைத்தவள்,
இரண்டு வீட்டுச் சம்பளம் இன்னும் பாக்கி),
அப்புறம் நான்.

ஏதோ குளிர்தேசத்து அறக்கட்டளை
அடித்தள நீதி அமைப்புகளுக்குச் சிறு நல்கை தருகிறதாம்.
நல்கை என்றால் என்ன என்றாள் ஜெசிந்தா.
திருப்பிக் கேட்காத கடன் என்றேன்.
அப்படி ஒன்று உண்டா?

அமைப்பின் பெயர்?
பெயர் வைத்தால் பிடிப்பார்கள் என்று வைக்கவில்லை.
மாடிப்படியில் ஒளிந்து பேசும் பெண்கள்
வெள்ளிக்கிழமை ஆட்கள் என்பார்கள்.
அதையே தட்டினேன்.
பதிவு எண்?
நைனார் தன் வண்டி நம்பரைச் சொன்னான்.
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஆண்டு வரவுசெலவு?
பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்தோம்.
கூடவே நாற்பது பக்க நோட்டு:
கோர்ட்டுக்கு டாக்சி, 3.500
ஓடிவந்த பிள்ளைக்குச் செருப்பு, 1.250
மந்தூபுக்கு டீ, 0.200, வேலை நடக்கவில்லை
விமான டிக்கெட்டில் பாதி, 31
மீதிப் பாதி அவள் வளையல்.
வளையலை எந்தக் கட்டத்தில் போடுவது?

அளக்கத்தக்க விளைவுகள்?
யோகராணி யோசித்துச் சொன்னாள்:
"பாஸ்போர்ட் பதினொன்று கைக்கு வந்தது.
ஒன்று வந்தது, ஆள் வரவில்லை."
இருநூறு சொல்லுக்கு மிகாமல் என்று போட்டிருந்தது.
எட்டே ஆயிற்று.

நிதி நின்றபின் எப்படித் தொடர்வீர்கள்?
நிற்காத நிதி எப்படி இருக்கும் என்று
எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

பயனாளிகளின் புகைப்படம், குறைந்தது ஒன்று.
முகம் தெரிந்தால் போலீஸ் வரும்.
டப்பாவைப் படம் எடுத்தோம்.
ஓரத்தில் ஜெசிந்தாவின் கட்டைவிரல் விழுந்துவிட்டது,
பினாயிலில் வெளுத்த நகத்தோடு.
இருக்கட்டும் என்றோம்.

ஏழு வாரம் கழித்து,
மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம், மூவாயிரம் டாலர்.
நைனார் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னான்.
மூன்றாம் தரம்தான் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது:
அமைப்பின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கைப்
பதினான்கு நாளுக்குள் அனுப்புக.

என் கணக்கில் சம்பளம் தவிர நூறு விழுந்தாலே
எங்கிருந்து என்று கேட்பார்கள்.
நைனாரின் கார்டு கபீலின் பையில்.
ஜெசிந்தாவுக்குக் கம்பெனி தந்த கார்டு,
எடுக்கலாம், போட முடியாது.
யோகராணிக்குக் கணக்கும் இல்லை, இக்காமாவும் இல்லை.
ஊர்க் கணக்கில் வாங்கலாமென்றால்
அங்கே வேறு சட்டம், வேறு தாள்.
மூவாயிரம் டாலர்
கடலுக்கு அந்தப்பக்கம் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் குணமதி வந்தாள்.
ஏழு மாதச் சம்பளத்துக்கு நாலு மாதம் போதுமென்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்.
ஐந்து தினாரை எட்டாய் மடித்து டப்பாவில் போட்டாள்.
"அந்த நாலாம் மாடிப் பிள்ளைக்கு."
ரசீது கேட்கவில்லை.
நோட்டில் இவள் பெயர் செலவுப் பக்கத்தில் இருந்தது.
தாளைத் திருப்பி வரவில் எழுதினேன்.
மட்டமான தாள், மை ஊறிவிட்டது.

பதினாலாம் நாள் பதில் தட்டினேன்:
உங்கள் பணத்தை வாங்க எங்களுக்குக் கை இல்லை.
கையை அழித்து வசதி என்று போட்டேன்.
பிறகு மறுபடி கை.
அனுப்புமுன் போன் அடித்தது.
நாலாம் மாடி.
வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை, வெளியே பூட்டு,
மூன்று நாளாய்க் குழாய்த் தண்ணீர்தான்.

நைனார் வண்டியைக் கிளப்பினான்.
டப்பாவை மடியில் வைத்து
ஜெசிந்தா எண்ணிக்கொண்டே வந்தாள்.
ஒன்பதே முக்கால்.
"பூட்டு உடைக்கிற ஆள் எவ்வளவு கேட்பான்?" என்றாள்.