வார் அறுத்த தலைக்கவசம்

முதல் தடவை நின்ற இடத்திலேயே விழுந்தேன்.
துயித்தாமா சந்தை முனை. சிவப்பு விளக்கு.
காலணி பெடலோடு பூட்டிக் கிடப்பதை மறந்து
நின்றேன், இன்னும் கொஞ்சம் நின்றேன்,
பிறகு
சுவரில் சாய்த்த ஏணி நழுவுவதுபோல
அவசரமில்லாமல் இடப்பக்கம் சாய்ந்தேன்.
சோள அடை சுடுகிறவள் கரண்டியை நிறுத்தாமல் கேட்டாள்:
"செத்துட்டியா?"
இல்லை என்றேன்.
"அப்ப எந்திரி. பஸ் வருது."

நாற்பத்தொரு வயதில் முதல் சைக்கிள்.
விடியுமுன் மூன்று மணிக்கு மாவு பிசைகிறவளுக்கு
ஞாயிறு ஒன்றுதான் தன் கால்களுக்கான நாள்.
இந்த மலையில் பிறந்தவர்கள்
மிதித்துக்கொண்டே பிறக்கிறார்கள் என்பார்கள்.
நான் நடந்து பிறந்தவள் போலிருக்கிறது.

இரண்டாவது விழுதலுக்குச் சத்தம் இருந்தது.
மழை விட்ட இறக்கம்.
உருளைக்கிழங்கு லாரி வளைவில் உதிர்த்துப் போன சேறு.
பதறி முன் பிரேக்கை இறுக்கினேன்.
சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை.
கையுறை சட்டையின் பின் பையில்
மடிப்புக் கலையாமல் பத்திரமாக இருந்தது.
வெயிலாயிருக்கிறதே என்று
மேலே ஏறும்போது கழற்றியது.

உள்ளங்கை இரண்டும் தார்ச்சாலையில் மிச்சம்.
மாவில் உப்பு உண்டு என்பதை
இருபது வருடமாகக் கைக்குத் தெரியும்;
எரிந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.
எட்டு நாள் என் மகன் பிசைந்தான்.
வாங்கியவர்கள் நல்லவர்கள்,
ஒன்றும் சொல்லவில்லை,
இரண்டு கேட்பவர்கள் ஒன்று கேட்டார்கள்.

மூன்றாவது,
எனக்கு ஞாபகமில்லாதது.
பாய்பா சாலை, ஒரு மஞ்சள் நாய்.
அதுவரை சரி.
அப்புறம் நூபியாவின் முகம், மிக அருகில்,
"இன்னிக்கு என்ன கிழமை, எடில்மா?"
"செவ்வாய்," என்றேன்.
கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.
ஒன்றுமில்லை, ஓட்டுகிறேன் என்று நான் எழ,
வங்கிக் காவலாளி எவெலியோ
என் முன்சக்கரத்தைக் கழற்றித்
தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான்.
மறுத்துப் பேச அவன் விட்ட வழி அவ்வளவுதான்.

தலைக்கவசம் வெளியே முடியிழை அளவு கோடு.
உள்ளே நுரை
பால்காபியில் முக்கிய பிஸ்கட்டாக விண்டு கிடந்தது.
என் மண்டைக்குப் போக வேண்டிய அடி
அதற்குப் போயிருக்கிறது.
இன்னொரு அடியை அது வாங்காது என்றார் மருத்துவர்.

கடை வாசலில் பிரேய்னர் நின்றான், பதினாறு வயது,
அண்ணன் விட்டுப்போன சைக்கிள், வெறும் தலை.
"தூக்கிப் போடறதுன்னா எனக்குக் குடுங்க.
வெளியில ஒண்ணும் தெரியலயே."

தெரியாது.
அதுதான் அதன் குற்றம்.
மாவு வெட்டும் கத்திரியால்
அவன் கண்ணெதிரே வாரை அறுத்தேன்.
ஏமாற்றத்தை மறைக்கக் கற்காத வயது.
ரொட்டி கொடுத்தேன், வாங்கவில்லை.
மேட்டில் ஏறினான், காற்று முடியைக் கலைத்தது,
உடைந்ததாவது இருந்திருக்கலாமோ
என்று கத்திரி கையிலிருக்க நினைத்தேன்.

புதியது ஒன்றின் விலை நாற்பது நாள் ரொட்டி.
எனக்கு வேண்டும், அவனுக்கும் வேண்டும்.
அடுப்பின் மேல் தகர டப்பாவில்
இன்றோடு பதினேழு நாள் சேர்ந்திருக்கிறது.

ஞாயிறு வந்தது. நான் ஓட்டவில்லை,
சாலையோரம் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.
அவன் இறங்கி வந்தான், வெறும் தலையாகத்தான்.
வளைவுக்கு முந்தின பள்ளத்தைப் பார்த்து
"வேக்கோ!" என்று கத்தினேன்,
குழி, குழி என்று,
தொண்டை கிழிய.
விலகிப் போனான்.
திரும்பிப் பார்க்கவில்லை.
இறக்கத்தில் திரும்பிப் பார்க்காதே என்று
யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.