சிறுத்தையின் கணக்கில்

முதலில் கால் நரம்பை இழுக்க வேண்டும்.
முழங்காலுக்குக் கீழே வட்டமாய்க் கீறி
பாதத்தைக் கதவிடுக்கில் கொடுத்து
உடம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால்
வெள்ளை வெள்ளையாய் வரும்,
குடைக்கம்பி மாதிரி.
லயத்துக் கதவு இதற்குச் சரிப்படாது.
பிணைச்சலோடு கையில் வந்துவிடும்.
நாங்கள் கொய்யா மரக் கவட்டையில் இழுத்தோம்.

பங்களாவில் பதினொரு வருஷம் குசினி பார்த்தவள் நான்.
நத்தாருக்கு நத்தார் கொழும்பிலிருந்து
ஐஸ் பெட்டியில் ஒரு வான்கோழி வரும்.
பாண்தூளும் வெங்காயமும் அடைத்து
நாலு மணி நேரம் போறணையில் வைத்து
நெஞ்சில் கத்தி போட்டால்
மரத்தூள்.
விருந்தாளிகள் அதையும் அருமை என்பார்கள்,
வாய்க்கு ஒரு மிடறு வைன் விட்டு.

இது அது இல்லை.
இது உயிரோடு வந்த ஜோடியில் சேவல்.
தை மாதம் கூட்டைத் திறந்து போட்டது யாரென்று
எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.
பெட்டையை அன்றிரவே நாய் கொண்டுபோனது.
சேவல் ஏழாம் நம்பர் மலை ஏறி
சவுக்கு மரத்தில் படுத்தெழும்பி
வெட்டுக்கிளியும் புழுவும் தின்று
எட்டு மாசத்தில் காட்டுப் பறவை ஆயிற்று.
கொழுந்தெடுக்கும் பிள்ளைகள்
கண்டக்டரய்யா என்று பேர் வைத்தார்கள்.
கழுத்துச் சதை ஆட ஆட நிரைக்குள் வந்து
கூடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமாம்.

வேலைநிறுத்தம், பதினாறாம் நாள்.
அக்கரப்பத்தனைக் கடைக்காரர்
கடன் கொப்பியை மூடி
மேலே தராசுப் படியை வைத்துவிட்டார்.
அந்தி மழையில் இருதயராஜ்
நனைந்த சாக்கோடு வந்து நின்றான்.
"அக்கா, கண்டக்டரய்யாவைக் கூட்டி வந்திருக்கேன்."

ஒன்பது காம்பராவுக்கு ஒரு பறவை.
நெஞ்சைத் தனியே எடுத்து
விரல் கனத்துக்கு அரிந்து
மிளகும் தேசிக்காயும் பிசறி
காய்ந்த தாச்சியில் இரண்டே புரட்டல்.
மூன்றாவது புரட்டல் பங்களாவுக்கு உரியது.

தொடை பொறுமை கேட்கும்.
வறுத்த தூள், கொறக்கா, ரம்பை, சேரை,
இஞ்சி கை நிறைய.
இந்த உயரத்தில்
தண்ணி சீக்கிரம் கொதிக்கும்,
இறைச்சி சீக்கிரம் வேகாது.
அஞ்சரைக்கு ஏற்றினோம்.
ஒன்பதுக்கும் பல்லுக்கு நின்றது.
கவ்வாத்து மிலாறு கட்டுக்கட்டாய் எரிந்தது.
வாசனை பங்களாப் பக்கம் ஏறாமல்
மழை அமுக்கிப் பிடித்தது.
தேங்காய் ஒன்றே ஒன்று, அதுவும்
தங்கேஸ்வரி வீட்டு சாமித்தட்டில் இருந்தது.
"சாமிக்கு நான் சொல்லிக்கிறேன்," என்று உடைத்தாள்.

கோழி மாதிரியா என்று கேட்பீர்கள்.
இல்லை.
கோழி கேட்டதற்கெல்லாம் ஆமாம் போடும்.
இது மேடு ஏறி இறங்கிய கால்.
கடித்தால் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி
பிறகுதான் விட்டுக்கொடுத்தது.
ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து
கொஞ்ச நேரம் லயத்தில் ஒருவரோடொருவர்
சண்டை இல்லை.

கழுத்தும் எலும்பும் விடிய ரசமானது.
முதல் கோப்பை காய்ச்சல்கார பரிமளத்துக்கு.
மிச்சக் கோப்பைகளுக்கு
வரிசை ஒழுங்காய் நிற்கவில்லை.

வேலை தொடங்கி மூன்றாம் நாள்
துரை கேட்டார்: "அந்த வான்கோழியைக் காணோமே?"
"சிறுத்தை, சேர்."
வாய் தானாகச் சொன்னது.
வாச்சர் புத்தகத்தில் ஏறியது
திகதி, நேரம், ஏழாம் நம்பர்.
வனஜீவி ஆட்கள் வந்தார்கள்.
அடுப்பில் போட மறந்த எங்கள் இறகுகளை
அளவுகோல் வைத்துப் படம் பிடித்தார்கள்.
சவுக்கு மரத்தில் கமரா கட்டினார்கள்.

பதினோராம் இரவு
கமராவுக்கு முன்னால்
நிதானமாய், பக்கவாட்டில்,
ஒன்று நடந்து போனது.

இப்போது ஏழாம் நம்பருக்குத்
தகரம் தட்டிக்கொண்டு போகிறோம்.
இருதயராஜ் என்னைப் பார்க்கிறான்,
நான் தேயிலையைப் பார்க்கிறேன்.
தன் பேரில் எழுதிய கடனை
அது எந்த நிரையில் வந்து கேட்குமோ.

இன்னொன்று, சமைக்கிறவர்களுக்கு:
உப்பைக் கடைசியில் போடுங்கள்.
நான் முதலிலேயே போட்டு
அன்று அரைக் கரண்டி கூடிவிட்டது.