கூம்பு

கணினியோடு வந்த இயக்கி
கோப்பைப் பார்த்ததும் கையை விரித்தது.
"இந்த வகைக்கு ஒரு வெள்ளி நாற்பத்தொன்பது காசு."
இராவேலை முடித்து
காலை ஏழு மணிக்கு வீடு வந்தவனிடம்.

பூங்கோதை அடுப்பங்கரையிலிருந்து சொன்னாள்:
"இலவசமா எத்தனையோ இருக்குதானே, தேடுங்க."

இருக்கத்தான் செய்கிறது.
முதலில் இறக்கியது
சொந்தக்காரர் நால்வரைக் கூட்டி வந்தது.
அதில் ஒருவர் வேலை
சுவா சூ காங்கில் மழை வரும் என்று சொல்வது.
இங்கே அதைச் சொல்ல ஆள் வைப்பார்களா?
அடுத்தது படம் காட்டியது, பேசவில்லை.
அதற்கடுத்தது பேசியது, திரை இருட்டு.

டிஷ்யூ பொட்டலம் போட்டு
மேசை பிடிக்கிற ஊர்.
சும்மா கிடக்கிற நாற்காலி என்றாலும்
யாருடையது என்று பார்த்துத்தான் உட்காருவோம்.

நாலாவதன் சின்னத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
ஆரஞ்சுக் கூம்பு, வெள்ளைப் பட்டை.
பதினோரு வருடமாய்
கிராஞ்சியில், மண்டாயில், விரைவுச்சாலை ஓரங்களில்
நடுநிசியில் நான் வரிசை கட்டுவது இதைத்தான்.
எண்பது, தொண்ணூறு,
மழை பிடித்தால் எண்ணிக்கை தப்பும்.
வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதே, சனியன்.

ஆனால் அது
மின்னஞ்சல் கேட்கவில்லை.
எதையும் வாங்கச் சொல்லவில்லை.
திறந்தது.

வேன் கேமரா. செவ்வாய், இரவு இரண்டு ஒன்பது.
சிவப்புக் கார் தடத்துக்குள் புகுந்து
ஷாஹினின் முழங்காலை உரசிப்போக
இன்னும் ஐந்து நிமிடம்.

அறிக்கை நேற்றே கொடுத்தாயிற்று.
கூம்பு தவறாக வைக்கப்பட்டிருந்தது.
ஆங்கிலத்தில் இது இன்னும் சுத்தமாக இருக்கும்,
யார் வைத்தார் என்ற பேச்சே வராது.
அந்தத் தடம் ஷாஹினுடையது என்பது மட்டும்
எல்லாருக்கும் தெரியும்.

இந்த இயக்கியில் ஒரு விசை உண்டு.
அழுத்தினால் ஒரே ஒரு சட்டகம் நகரும்.
கார்க்காரனைப் பிடிக்கத்தான்
அழுத்தினேன்,
அழுத்தினேன்.

தார் லாரி உள்ளே வர வழி வேண்டும்.
பச்சை மேலங்கி ஒன்று வருகிறது.
எங்களில் பச்சை மேற்பார்வையாளருக்கு மட்டும்.
அன்றைக்கு இருந்தது ஒரே பச்சை.
குனியச் சோம்பல்.
காலால் தள்ளுகிறது கூம்பை,
போனை எடுக்கிறது,
பேசிக்கொண்டே சட்டகத்தை விட்டு
வெளியே போகிறது.
திரும்பி வரவில்லை.
இடது செருப்பு உள்பக்கம் தேய்ந்த நடை.
பூங்கோதை பார்த்தாலே சொல்லிவிடுவாள்.

ஒவ்வொரு சட்டகமாய்ப் பின்னால் போக
விசை தேடினேன்.
முன்னால் போக மட்டும்தான் இருந்தது.

"கடைசியில காசு கேட்டுச்சா?"
தட்டில் தோசை வைத்துவிட்டுப் போனாள்.
"இல்லை."

அறிக்கையின் நகலை எடுத்தேன்.
ஓரத்தில்
நகர்த்தியது நான்
என்று எழுதிப் பார்த்தேன்.
இப்போதைக்குத் தமிழில்,
பென்சிலால்.